மூன்று மணி அடக்கமும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

மகளே, போன வாரம் நீ சாப்பாட்டு மேசையில் விரித்துப் போட்டிருந்த தாளை நான் படித்தேன். படிக்கக் கூடாதென்று நீ சொல்லவில்லை. ‘வேலை நேரத்தில் ஊழியர்கள் சொந்தக் காரியங்களுக்கு இணையத்தை ஏன் பயன்படுத்துகிறார்கள்?’ என்று மேலே பெரிதாக எழுதி, கீழே பத்துக் காரணம் போட்டிருந்தாய். சலிப்பு, மன அழுத்தம், மேற்பார்வைக் குறைவு என்று கல்யாண வீட்டு இலையில் கூட்டு வைத்த மாதிரி வரிசையாக இருந்தது. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். நெட்டிலிருந்து என்றாய். எப்போது எடுத்தாய் என்று கேட்டேன். “கிளாஸ் நடக்கும்போதுப்பா” என்றாய். உன் தம்பி சிரித்த சிரிப்பில் அவன் வாயில் இருந்த மரச்சீனிக் கிழங்கு என் சட்டைக்கு வந்தது.

நான் பத்தாம் வகுப்பு. அதிலும் கணக்கு வாத்தியார் என்னைப் பாஸ் போட்டது, திரும்பவும் என் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லாததால். ஆனால் நீ எழுதுகிற இந்த விஷயத்தை உனக்கு முன்பே ஆராய்ச்சி செய்தவன் நான். கேட்பதற்கு ஆள் இல்லாததால் இதுவரை சொல்லவில்லை. அந்த ஆராய்ச்சியில் என் வேலை போகப் பார்த்தது. அன்று பகல் பதினொன்றரைக்கு நான் வீட்டுக்கு வந்து, “தலைவலி” என்று சொல்லிப் படுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? தலை வலிக்கவில்லை மக்களே. தலையே போய்விட்டது என்று நினைத்துத்தான் படுத்தேன்.

நான் வேலை பார்க்கிற இடம் உங்களுக்குத் தெரியும். நாகர்கோவிலுக்கு வெளியே, மீன்வலை செய்கிற கம்பெனி. நைலான் வலையைக் கட்டுக் கட்டாகக் கோடவுனில் அடுக்குவதும், எண் பார்த்து லாரியில் ஏற்றுவதும் என் வேலை. ஆபீஸ் என்று பார்த்தால் முதலாளியோடு சேர்த்து ஐந்து பேர். கணக்கு பார்க்கிற அக்கா ஒருத்தி. வயதில் எனக்கு மூத்தவள். அவள் தும்மினால் ஆபீஸே “நூறு” சொல்லும். பில் போடுகிற குளச்சல்காரன் ஒருவன், முப்பது வயது, அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். ஆர்டர் பிடிக்கிற அஞ்சுகிராமத்துக்காரர் ஒருவர். பிறகு கோடவுனில் நான்.

எனக்கும் ஒரு கம்ப்யூட்டர் தந்திருந்தார்கள். கட்டு எண்ணை அதில் அடித்து, பெரிய பொத்தானைத் தட்டினால் அது ஆபீசுக்குப் போய்விடும். காலையில் திரையைப் போடுவேன், மாலையில் திரையை அணைப்பேன். இரண்டு வருடம் இப்படித்தான். இந்தத் திரை விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஒரு நாள் கொல்லத்துக்குப் போக வேண்டிய லோடு வாசலில் நின்றது. லாரி கிளம்ப வேண்டுமானால் ஈ-வே பில் எடுக்க வேண்டும், அதற்கு நெட் வேண்டும். நெட் படுத்துவிட்டது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டிரைவர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. நெட்காரருக்குப் போன் போட்டால், “இந்த மாசத்துக்குள்ளது முழுசும் தீந்து போச்சு முதலாளி. இனி ஒண்ணாந்தேதி வரைக்கும் இப்பிடித்தான் ஊந்து ஊந்து போவும்” என்றார்.

“வல விக்கதுக்கு இவ்வளவு நெட் எதுக்குவே?” என்று முதலாளி கேட்டார்.

“வலைக்கு இல்ல முதலாளி. உள்ள வேற என்னமோ நடக்கு.”

அன்று சாயந்திரம் முதலாளி எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: “ஒரு மாசம் பாப்பேன். சொந்தக் காரியத்துக்கு நெட்ட எவன் கூடுதலா தின்னிருக்கானோ, அவன் பொறவு இந்தப் படி ஏறப்படாது. அக்காவா இருந்தாலும் செரி.” பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கையில் தந்தார். “நீரு எழுதும். ஆளு, நேரம், காரணம். காரணம் முக்கியம். ஏன் பாக்காவோன்னு எனக்குத் தெரியணும்.”

“எனக்கு இதெல்லாம் தெரியாதே முதலாளி.”

“அதனாலதான்வே உம்மகிட்ட தாறேன். இந்தக் கட்டடத்துல கம்ப்யூட்டர் தெரியாத ஒரே ஆளு நீருதான். வேற யோக்கியன் கெடையாது.”

இது பாராட்டா ஏச்சா என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தேன். எதுவாக இருந்தாலும் முதலாளி தந்தது. மூன்று கட்டம் கோடு போட்டு, மேலே பிள்ளையார் சுழி போடலாமா சிலுவை போடலாமா என்று குழம்பி, ஆபீசில் இரண்டு கூட்டமும் இருப்பதால் ஒன்றும் போடாமல் ஆரம்பித்தேன்.

ஒளிந்து பார்த்து எழுத எனக்கு வராது. நேரே போய்க் கேட்டேன்.

அக்கா தினமும் காலை பதினொரு மணிக்குக் கம்ப்யூட்டரில் மஸ்கட்டில் இருக்கிற மகனோடு பேசுவாள். நோட்டை விரித்து, “காரணம் சொல்லுங்கக்கா” என்றேன்.

“எழுதிக்கிடும் தம்பி, நல்லா எழுதிக்கிடும். வீட்டுல வச்சுப் பேசினா மருமக பக்கத்துல வந்து நிப்பா. மக்கா சாப்பிட்டியாடேன்னு கேட்டா, ‘அவருக்கு நல்லா சமைக்கத் தெரியும் அத்தே’ன்னு அவ பதில் சொல்லுகா. நான் பெத்தவன்கிட்ட சோறு தின்னியான்னு கேக்கதுக்கு ஆபீசுக்கு வர வேண்டியிருக்கு. இதயும் எழுதும்.”

எழுதினேன். எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போனது.

அஞ்சுகிராமத்துக்காரர் வீட்டுப் படம் பார்ப்பார். வீடு கட்ட இடம் வாங்கிப் போட்டு ஆறு வருடம் ஆகிறது. இடத்தில் எருக்கஞ்செடி நிற்கிறது. கம்ப்யூட்டரில் இதுவரை நாற்பது வீடு கட்டியிருப்பார். ஒரு வீட்டுக்கு மாடிப்படி வெளியே, ஒரு வீட்டுக்கு உள்ளே, ஒன்றுக்கு மாடியே இல்லை, படி மட்டும் இருக்கிறது.

“இத வீட்டுல இருந்து பாத்தா என்னவே?” என்று கேட்டேன்.

“வீட்டுல தொறந்தா அம்மைக்கு அடுக்கள ஒரு பக்கம் வேணும், பொண்டாட்டிக்கு மறு பக்கம் வேணும். ரெண்டு பேரும் சேந்து கடைசில என்னையத் தூக்கி மாட்டுத் தொழுவுல வச்சிருவாவோ. இங்கனதான்வே நான் நெனச்ச எடத்துல அடுக்களைய வைக்க முடியுது. ஒரு மணிக்கூறு. அதயும் எழுதிக் கெடுக்கீரே, நீரு நல்லா இருப்பீரா?”

குளச்சல்காரன் பார்ப்பது காற்றுப் படம். நீலமும் சிவப்புமாகக் கடல் மேல் அம்புக்குறி ஓடும். மணிக்கு ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடுவான். இதற்குக் காரணம் கேட்க வேண்டாம், எனக்கே தெரியும் என்று நினைத்தேன். நோட்டு நோட்டுதான் என்று கேட்டேன்.

“போன்லயே பாக்கலாமே மக்கா. வீட்டுல இருந்து பாத்துட்டு வரலாமே.”

“வீட்டுல பாத்தா என் மூஞ்சிய அம்மை பாப்பா அண்ணே. என்ன போட்டிருக்குலேன்னு கேப்பா. ஒண்ணும் இல்லம்மா, நல்ல காத்துதான்னு சொல்லணும். எனக்குப் பொய் சொன்னா காது செவந்து போவும். இங்க பாத்தா நான் மட்டும் பயந்தா போதும்லா.”

பிறகு அவனே சிரித்து, “புட்பால் பந்துகளியும் பாப்பேன், அத எழுதாண்டாம்” என்றான்.

மூன்று பேருக்கும் காரணம் என்ற கட்டத்தில் நீளமாக எழுதியதை அன்று திரும்பப் படித்துப் பார்த்தேன். முதலாளிக்கு இவ்வளவு படிக்கப் பொறுமை இருக்காது என்று தோன்றியது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு மூன்று பேருக்கும் ஒரே வார்த்தை எழுதினேன்: ‘வீடு’.

இதெல்லாம் தனித்தனிக் காரியம். எல்லோரும் சேர்ந்து பார்க்கிற ஒன்று இருந்தது. அது மூன்று மணி.

நம் பக்கத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் குவைத்திலும் மஸ்கட்டிலும் பெங்களூரிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் அடக்கத்தை நேரடியாக வீடியோவில் காட்டுகிறார்கள். பந்தலில் ஒரு கேமரா, ஆலயத்தில் ஒன்று, கல்லறைத் தோட்டத்துக்கு மேலே வண்டு மாதிரி இரைந்துகொண்டு பறக்க ஒன்று. ஆராதனை பெரும்பாலும் மூன்று மணிக்கு. அக்கா ஊர்ப் பெயரை அடித்து, பக்கத்தில் அடக்கம் என்று அடித்தால் அன்றைக்குள்ளது வந்துவிடும். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பில்லும் பார்ப்பாள், அதையும் பார்ப்பாள். நாங்கள் மூன்று பேரும் ஏதோ கேட்க வந்த மாதிரி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்போம்.

“அந்தப் பச்சச் சேல யாரு? சாவு வீட்டுக்கு வந்திருக்கா, கழுத்தப் பாரு, நகைக்கட பொம்ம மாதிரி.”

“மூத்த மருமகளா இருக்கும்.”

“மூத்தவ இவ்வளவு சத்தமா அழ மாட்டா. எளையவதான்.”

செத்தவரை எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஜெபம் வந்ததும் அஞ்சுகிராமத்துக்காரர் எழும்பி நின்று கை கட்டிக்கொள்வார். அவர் அய்யாவழிக் குடும்பம். “எவன் செத்தாலும் எழும்பி நிக்கணும்வே. அதுக்கு என்ன மதம்?” என்பார். ஒரு நாள் அக்கா கொல்லத்து வியாபாரியோடு போனில் விலை பேசிக்கொண்டிருந்தாள். விலையைச் சொன்ன அதே மூச்சில் வீடியோவில் ஜெபம் முடிந்தது. நாங்கள் நாலு பேரும் பழக்கத்தில் “ஆமென்” என்று சொல்லிவிட்டோம். அந்த ஆள் அதற்குப் பிறகு எங்களிடம் விலை குறைத்துக் கேட்டதே கிடையாது.

நோட்டில் இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். ‘ஆள்: எல்லாரும். நேரம்: 3 மணி. காரணம்: மரியாதை’ என்று எழுதி வைத்தேன்.

இனி முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஓர் அண்ணன். ஒரே ஆலயத்தில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள். சபைக் கமிட்டித் தேர்தலில் இரண்டு பேரும் எதிரெதிர் அணியில் நின்றார்கள். முதலாளி தோற்றார். தோற்றதைவிட, தன் அண்ணி முறைக்காரிகளில் ஒருத்தியின் ஓட்டுகூடத் தனக்கு விழவில்லை என்று எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான் பெரிய சங்கடம். அதிலிருந்து அண்ணன் வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று ஆணையிட்டு, ஆலயத்தையே மாற்றிக்கொண்டு, வேறு ஊர்ச் சபைக்குக் காரில் போய் வந்தார். ஆண்டவருக்காக நாலு தெரு நடக்க மாட்டார். அண்ணனைப் பார்க்காமல் இருக்க எட்டு கிலோமீட்டர் போவார். பதினோரு வருடமாக இப்படி.

அந்த மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை அந்த அண்ணன் இறந்துபோனார். சனிக்கிழமை அடக்கம். முதலாளி லீவு போடவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு வழக்கம்போல் வந்து, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, ஒரே தாளை இரண்டு மணி நேரம் பார்த்தார். அன்று மூன்று மணி நெருங்கியபோதும் எங்கள் யாருக்கும் அக்கா நாற்காலிக்குப் பின்னால் போகத் தைரியம் வரவில்லை. அக்கா உண்மையிலேயே கணக்குப் பார்த்தாள்.

இரண்டே முக்காலுக்கு முதலாளி கோடவுனுக்கு வந்தார். அவர் அங்கே வருவதே கிடையாது. வலைக் கட்டுக்கு நடுவில் வழி தெரியாமல் ஒரு தடவை சுற்றி, பிறகு என் முன்னால் வந்து நின்று, “கதவச் சாத்தும்” என்றார். சாத்தினேன்.

“அதப் போடும்.”

எதை என்று நான் கேட்கவில்லை. ஊர்ப் பெயரையும் அடக்கம் என்பதையும் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தேன். வந்துவிட்டது.

“உமக்கு இதெல்லாம் தெரியுமாவே?”

“அக்கா போடும்போது பாத்திருக்கேன் முதலாளி” என்று சொல்லி நாக்கைக் கடித்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

“போன்ல பாக்கலாம்னு பாத்தேன். கண்ணு ஆப்பரேசன் பண்ணின பொறவு சின்னப் படம் தெரிய மாட்டேங்கு. ரூம்ல போட்டா அக்கா பாப்பா. வீட்டுல…” என்று நிறுத்தினார். வீட்டில் அவர் மனைவி. அண்ணனுக்கு எதிராக ஆணை போட்டபோது முதலாளிக்குப் பின்னால் நின்று ஆணையைச் சொல்லிக் கொடுத்தது அவர்தான் என்று ஊரில் சொல்வார்கள். “இது நம்ம ரெண்டு பேருக்குள்ளவே” என்றார். சரி என்று தலையாட்டினேன்.

வலைக் கட்டு மேலே உட்கார்ந்து பார்த்தார். முதலில் அழவெல்லாம் இல்லை. குற்றம்தான் கண்டுபிடித்தார். “பந்தல் இவ்வளவுதானா? அண்ணனுக்கு வேட்டிய இப்பிடியா உடுத்துவாவோ? அந்தத் தலமாட்டுல நிக்கவன் எவன்? அவனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அங்க நான்லா நிக்கணும்.”

திரையின் ஓரத்தில் வரிவரியாக எழுத்து ஏறிக்கொண்டிருந்தது. “இது என்னவே ஓடிட்டே இருக்கு?”

“ஆளுகள் எரங்கல் எழுதுகாவோ முதலாளி. வெளிநாட்டுல இருந்து.”

“நம்ம எழுதினா நம்ம பேரு வருமா?”

மக்களே, ‘எனக்குத் தெரியாது’ என்ற வார்த்தையை அப்பா வாழ்க்கையில் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். அன்று அந்த ஒரு தடவை சொல்லாமல், நன்றாகத் தெரிந்தவன் மாதிரி, “வராது முதலாளி” என்றேன். அவர் என்னை நம்பிக் கேட்கிறாரே என்ற பெருமைதான்.

இரண்டு விரலால் தட்டித் தட்டி நெடுநேரம் எழுதினார். நான் மறுபக்கம் திரும்பி நின்றேன். பிறகு கல்லறைத் தோட்டம் வந்தது. குருவானவர் மண் போடச் சொல்ல, வீட்டார் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். முதலாளியும் குனிந்தார். கோடவுன் தரையில் மண் எங்கே இருக்கிறது? வெட்டிப் போட்ட நைலான் நூல் கிடந்தது. அதில் ஒரு பிடி அள்ளி, கீபோர்டுக்கு மேலே போட்டார். நீல நூல். போட்டுவிட்டு எழும்பி, வேட்டியைத் தட்டிக்கொண்டு, “அணைச்சிரும்” என்று சொல்லிப் போய்விட்டார்.

நூலை எல்லாம் பொறுக்கிவிட்டு நான் திரையை அணைத்தேன்.

திரையை மட்டும்தான் அணைத்தேன் மக்களே. மேசைக்கு அடியில் சாக்கு மூடிக் கிடந்த பெட்டிதான் கம்ப்யூட்டர், மேலே இருப்பது வெறும் முகம் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அடியில் இரைந்துகொண்டிருந்தது ஸ்டெபிலைசர் என்றே இரண்டு வருடமாக நினைத்திருந்தேன். அந்த வீடியோவுக்கு ஒரு குணம் உண்டு. ஒன்று முடிந்தால் அதே மாதிரி இன்னொன்றைத் தானே எடுத்துப் போடும். சனிக்கிழமை சாயந்திரத்திலிருந்து திங்கட்கிழமை காலைவரை, ஆளில்லாத கோடவுனில், என் கம்ப்யூட்டர் இருட்டு முகத்தோடு உட்கார்ந்து நம் ஜில்லாவில் நடந்த அடக்கத்தை எல்லாம் ஒன்று விடாமல் பார்த்தது. மார்த்தாண்டம் முடிந்து தக்கலை, தக்கலை முடிந்து ராஜாக்கமங்கலம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிற மனுஷர்கூட அவ்வளவு ஜெபம் கேட்டிருக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை லோடு நின்றது. நெட் படுத்தது. அதே டிரைவர், அதே ஹாரன். மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தும் முதலாளி பொறுக்கவில்லை. நெட்காரரையே நேரில் வரவழைத்தார். எல்லோரையும் நிற்க வைத்தார். நெட்காரர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். அக்கா கொஞ்சம், அஞ்சுகிராமம் கொஞ்சம், குளச்சல் கொஞ்சம். “இந்த மூணையும் கூட்டி, அது மேல பத்து மடங்கு. அவ்வளவும் கோடவுன் கம்ப்யூட்டர். அதுவும் சனி ஞாயிறு விடாம ஓடியிருக்கு.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கையில் நோட்டு இருந்தது.

முதலாளியின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனது. சனிக்கிழமை என்று கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஞாயிறு எப்படி என்பதுதான் அவருக்கும் எனக்கும் புரியவில்லை. “நீராவே?” என்று கேட்டார். கேட்கும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை, சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

எனக்கு உங்கள் இரண்டு பேர் முகமும்தான் முன்னால் வந்தது. நீ அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாய். உண்மையைச் சொன்னால் வேலை இருக்கும். ஆனால் கதவைச் சாத்திவிட்டு ஒருவர் நம்பிப் பார்த்த காரியத்தை நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

“நாந்தான் முதலாளி. அடக்கம் பாக்கது எனக்கு ஒரு பழக்கம்.”

“ரெண்டு நாளா?” என்று நெட்காரர் வாயைப் பிளந்தார்.

“நெறைய ஆளு சாவுகாவோல்லா” என்றேன்.

முதலாளி என் சட்டைப் பொத்தானிலிருந்து கண்ணை எடுத்தார். நெட்காரரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு, “அப்போ நான் சொன்னது சொன்னதுதான்” என்றார். குரல் அவர் குரல் மாதிரியே இல்லை. நான் நோட்டை மேசையில் வைத்தேன். சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அன்றுதான் நீங்கள் பார்த்த தலைவலி.

அதற்குப் பிறகு நடந்ததை எனக்குக் குளச்சல்காரன் சொன்னான். அக்கா சும்மா விடவில்லையாம். “ஸ்விட்ச்சுக்கும் பட்டனுக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன் ரெண்டு நாளு வீடியோ பாத்தாராம். நம்புகதுக்கு நான் என்ன நேத்து பெறந்தவளா?” என்று கோடவுனுக்கு நடந்தாள். பின்னாலேயே எல்லோரும். திரையைப் போட்டால் அங்கே ஓர் அடக்கம் ஊர்ந்து ஊர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பார்த்ததை எல்லாம் பின்னோக்கித் தள்ளித் தள்ளி, முதலாவது எது என்று தேடினாள். முதலாளி, “சவத்த விடு பிள்ளே, போட்டும், போட்டும்” என்று இரண்டு தடவை சொன்னாராம். அவள் விடவில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்குள்ளதைத் திறந்து, கீழே எழுதியிருந்ததை வாசிக்க ஆரம்பித்தாள்.

“இது என்ன, நம்ம கம்பெனி பேருல்லா வருகு? மீன் படம் எல்லாம் போட்டு?”

எழுதியிருந்தது ஒரே வரி. ‘அண்ணா, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.’

“அந்தத் தம்பிக்கு அண்ணன் கெடையாதே. அவருதானே வீட்டுல மூத்தவரு” என்றாள் அக்கா. அந்த வரிக்குக் கீழே இன்னொருவர் பதில் போட்டிருந்தார். அதில் ஒரே வார்த்தை. அதையும் வாசித்த பிறகுதான், வாசித்திருக்கக் கூடாது என்று அவளுக்குப் புரிந்ததாம்.

‘சித்தப்பாவா?’

எல்லோரும் முதலாளியைப் பார்க்கக் கூடாது என்று அவரவர் காலைப் பார்த்து நின்றார்கள். நெட்காரர் மட்டும் ஊருக்குப் புதிது, அவர் நேராகப் பார்த்தார். முதலாளி மெல்ல வந்து, திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, அந்த வார்த்தையைத் தானே படித்தார்.

“இது வெளிய தெரியுமா?”

“ஊரு பூரா தெரியும் முதலாளி” என்றான் குளச்சல்காரன். “லைக்கு வேற விழுந்திருக்கு.”

“வராதுன்னு சொன்னாரே அந்த மனுசன்” என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லவில்லையாம். பிறகு கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கார் அவருடைய வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பியது என்று வாசலில் நின்ற லாரி டிரைவர் சொன்னாராம். அந்த டிரைவருக்கு இன்னும் ஈ-வே பில் கிடைக்கவில்லை, பார்ப்பதற்கு அவருக்கு வேறு வேலையும் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் எங்கே போவதென்று தெரியாமல் வீட்டு வேட்டியோடு வீட்டிலேயே இருந்தேன். உங்கள் அம்மா இரண்டு தடவை நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டாள். போன் வந்தது.

“எங்கவே இருக்கீரு? லோடு வந்திருக்கு.”

“நேத்து நீங்க…”

“நேத்துள்ளது நேத்து. வாரும்.”

போனேன். முதலாளி என் மேசையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தது. நேற்றுப் போட்ட அதே சட்டையில் சாயா கொட்டிய கறை, அதுவும் சாவு வீட்டில் அவசரமாகத் தந்து அவசரமாகக் குடித்த சாயா. நோட்டு அவர் முன்னால் விரிந்து கிடந்தது. எல்லாப் பக்கமும் படித்திருக்கிறார். நான் எழுதாமல் வெறுமையாக விட்டிருந்த அந்தச் சனிக்கிழமைக் கட்டத்தில், அவர் கையெழுத்தில் இரண்டு வார்த்தை இருந்தது. ஆள்: முதலாளி. காரணம் என்ற இடத்தில், அதற்கு மேலே மற்ற மூன்று பேருக்கும் நான் எழுதிய அதே ‘வீடு’.

மகளே, அந்த நோட்டு நம் அலமாரியில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கிறது. வேண்டுமானால் கல்லூரிக்குக் கொண்டு போ. பத்துக் காரணத்துக்கு உன் டீச்சர் எவ்வளவு மார்க் போடுவார்களோ தெரியாது, ஒரு காரணத்துக்கு முட்டைதான் போடுவார்கள். என்றாலும் காட்டு.

முதலாளி எழும்பி, மேசைக்கு அடியில் இருந்த சாக்கை விலக்கி, பெட்டியில் இருந்த பொத்தானைக் காட்டினார். “இதாக்கும் கம்ப்யூட்டர். மேல இருக்கது கண்ணாடி. அணைச்சுக் காட்டும்.”

அணைத்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த இரைச்சல் நின்றது. கோடவுன் என்னவோ மாதிரி ஆகிவிட்டது.

“ஸ்டெபிலைசரு நின்னு போச்சு முதலாளி” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத வேண்டாம். கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தி, நோட்டில் நான் ‘மரியாதை’ என்று எழுதியிருந்த பக்கத்தை விரலால் தொட்டு, “இன்னைக்கு மூணு மணிக்கு யாராவது உண்டுமா?” என்று கேட்டார்.

“அக்காகிட்டதான் கேக்கணும் முதலாளி.”

“கேளும். நமக்குத் தெரிஞ்ச ஆளான்னும் கேளும்” என்றார்.